ஆதித்தாய் செருப்பைக் கழற்றிய இடம்

கள்ளியந்தேரியில் கடைசியாக நல்ல மழை பெய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள், அந்த மூன்று பேரில் இரண்டு பேர் பொய் சொல்கிறவர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரின் மேற்கே, செம்மணல் மேட்டில் பதினாறு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பேராசிரியர் தணிகாசலம் பழைய காலத்து மழையைத் தேடிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் கிடக்கும் மகரந்தத் தூளையும் நத்தை ஓட்டையும் கரித்துண்டையும் வைத்து, ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே மழை எவ்வளவு பெய்தது, அப்போது இருந்த மனுசர்கள் என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று சொல்லிவிடும் படிப்பு அவருடையது. இப்போது பெய்யாத மழையைப் பற்றிக் கவலைப்பட இந்த ஊருக்கு ஒரு தாசில்தார்கூட வந்ததில்லை, எப்போதோ பெய்த மழைக்கு மட்டும் ஜீப்பும் கூடாரமும் மினரல் வாட்டர் பெட்டிகளும் வந்து இறங்குகின்றன என்று குழியில் வேலை பார்த்த முப்பிடாதி நினைத்தாள், நினைத்ததைச் சத்தமாகச் சொல்லவும் செய்தாள்.

முப்பிடாதிக்கு ஐம்பத்திரண்டு வயது. கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைத் தோல் உரிப்பதுபோல் அடுக்கடுக்காக எடுக்க அவளைவிட்டால் அந்தக் குழியில் ஆள் கிடையாது, பேராசிரியர் பூட்ஸ் காலோடு இறங்கி நின்று சுட்டுவிரலால் காட்டுவதோடு சரி. அவளுக்குச் சர்க்கரை வியாதி. வலது காலில் சுண்டுவிரலுக்கு அடியில் ஆறாத புண் ஒன்று இருந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்று எழுதிக்கொடுத்து, "வெறுங்காலோட இனி ஒரு அடி வச்சாலும் விரலை மறந்துர வேண்டியதுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த டாக்டருக்குக் கள்ளியந்தேரியைத் தெரியாது.

கள்ளியந்தேரியில் தெரு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான், மேலத்தெரு. அதன் கிழக்குக் கடைசியில் வாய்க்கால் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனி. மேற்குக் கடைசியில் சாவடி, சாவடியைத் தாண்டினால் செம்மணல் தேரியும் பேராசிரியரின் குழியும். காலனிக்காரர்கள் குழிக்கு வர வேண்டுமானால் பாலத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தார் கொதிக்கிற அந்தத் தெருவை, எட்டு வைத்தால் நூற்று நாற்பது எட்டு, வெறுங்காலில் கடந்து, சாவடி தாண்டியதும் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் போர்டு மாட்டவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் தெருவே திரண்டு வந்து சொல்லும். காலையும் மாலையும் நூற்று நாற்பது எட்டு நடந்துதான் முப்பிடாதி தன் விரலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐப்பசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி டீ வருகிற நேரத்தில், குழியின் அடியில் சாம்பல் நிறக் களிமண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முப்பிடாதியின் தூரிகைக்கு முன்னால் மண் ஈரமாகி, மெல்ல அமுங்கி, ஒரு கால்தடம் விழுந்தது. கோரையில் முடைந்த செருப்பின் தடம், பின்னல் ஒவ்வொன்றும் தெரிந்தது, குதிகால் மட்டும் செருப்புக்கு வெளியே பதிந்திருந்தது. மிதித்த ஆள் மட்டும் இல்லை. முப்பிடாதி தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இங்கன யாரோ மிதிக்காவ."

மறுநாள் அதே பதினொரு மணிக்கு அடுத்த எட்டு விழுந்தது. அதற்கு மறுநாள் அடுத்தது. நாளைக்கு ஓர் எட்டு என்ற கணக்கில் அந்தக் கால் குழியின் தரையைக் கடந்து, வேலைக்காரர்கள் ஏறி இறங்க வெட்டிவைத்திருந்த படிகளில் ஏறி, மேலே வந்து, ஊரைப் பார்த்து நடந்தது. பேராசிரியரின் ஆய்வு மாணவி பிரிசில்லா ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதினாள். பெண்ணின் கால், இடது கால் கொஞ்சம் ஆழமாகப் பதிகிறது, ஆகவே இடது இடுப்பில் பிள்ளை இருக்கிறது, வலது குதிகாலில் ஒரு பழைய வெட்டுக்காயம் என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது ஊரே வாயைப் பிளந்து கேட்டது. இடுப்பில் பிள்ளையோடு நடக்கிறவளின் தடம் எப்படியிருக்கும் என்பது காலனியில் எந்தப் பொம்பளைக்கும் தெரியும், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறி நின்றது, பளிங்காக, வெயிலுக்கு வற்றாமல். தடத்தின் ஓரத்தில் கோரை முளைத்தது, ஊசித்தட்டான் வந்து உட்கார்ந்தது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ ஓர் ஏரிக்கரையிலிருந்து வருவதுபோல் குளிர்ந்த காற்று ஒரு முழ அகலத்துக்கு வீசியது. பேராசிரியர் தணிகாசலம் அந்தக் காலம் கடும் வறட்சிக் காலம் என்று இருபது வருஷமாக எழுதி, அதற்காக மூன்று சால்வையும் ஒரு வெளிநாட்டுப் பயணமும் வாங்கியிருந்தார். தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த அன்று சாயங்காலமே, இங்கே பெரிய ஏரி இருந்ததென்று தான் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருவதாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை, சட்டையை மாற்றிக்கொள்கிற ஆளுக்குக்கூட ஒரு நிமிஷம் வெட்கம் வரும்.

இருபத்தொன்பதாம் நாள் கால் சாவடிக்கு வந்தது. முப்பதாம் நாள், சாவடியைத் தாண்டி மேலத்தெருவுக்குள் விழுந்த எட்டில் கோரைப் பின்னல் இல்லை, ஐந்து விரல்களும் குதிகால் வெட்டுக்காயமும் துல்லியமாகத் தெரிந்தன. வெறுங்கால்.

ஊர்க் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பாத்தியளா, நம்ம தெருவுல அம்மன் இருக்கான்னு தெரிஞ்சு செருப்பக் கழத்திட்டுல்லா வாரா. இவ நம்ம வம்சத்துக்கு ஆதித்தாயி. வேற ஆருக்கு இந்த மரியாத தெரியும்?" என்றார். கூட்டம் குலவை இட்டது. பேராசிரியர் ஆதித்தாய் என்ற சொல்லை நோட்டில் குறித்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால், தன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முப்பிடாதிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. சாவடியில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் யார் என்று மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியும், இத்தனை படித்தவர்களுக்கும் இத்தனை பரம்பரை பேசுகிறவர்களுக்கும் தெரியவில்லை. பிரிசில்லா அவள் பக்கம் ஒதுங்கி, "அந்தம்மா ஏன் கழட்டியிருப்பாங்க, உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள்.

"நான் என்னத்தக் கண்டேன். ஒங்க படிப்புல அது இல்லையாக்கும்?" என்றாள் முப்பிடாதி, கையிலிருந்த செருப்பை ஒருதரம் உதறிக்கொண்டு.

அதிலிருந்து நாலரை மாசம் மேலத்தெரு அடித்த கூத்துக்கு அளவில்லை. தடங்களைச் சுற்றி நட்டநடுத் தெருவில் கம்பிவேலி போட்டார்கள். எட்டு யார் வீட்டு வாசலுக்கு நேராக விழுகிறதோ அந்த வீட்டார் அன்று பாயசம் வைத்து ஊருக்கு ஊற்றினார்கள், இரண்டு வாசலுக்கு நடுவில் விழுந்த எட்டுக்காக இரண்டு அண்ணன் தம்பிகள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்று, குதிகால் அண்ணனுக்கு, விரல்கள் தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். சாவடியில் பெரிய பிளக்ஸ் வைத்து, அதில் ஆதித்தாய்க்கு முகம் வேண்டுமே என்று கோமதிநாயகத்தின் மாமியார் படத்தை வெட்டி ஒட்டினார்கள். வெயில் ஏறுகிற நேரத்தில் ஆம்பிளைகள் வேலிக்கு வெளியே பாய் விரித்து, ஒன்பதாயிரம் வருஷத்துக் காற்றில் காலை நீட்டிப் படுத்து, அரசியல் பேசினார்கள். அப்புறம் கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டது. ஆதித்தாயே வெறுங்காலோடு நடக்கிற தெருவில் அவள் பிள்ளைகள் செருப்புக் காலோடு நடப்பது பாவம், ஆகவே மேலத்தெருக்காரர்கள் எல்லோரும் இனிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

நடந்தார்கள். பேங்க் மானேஜர் நடந்தார், கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் நடந்தார்கள், கோமதிநாயகம் தன் தோல் செருப்பை இரண்டு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு, தார்ச் சூட்டுக்குத் தாவித் தாவி நடந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவனுக்குக் கொடுத்த தண்டனையைத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டு அதைப் பக்தி என்று நம்புகிற கூட்டத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. காலனிப் பொம்பளைகள் பாலத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தார்கள்.

முப்பிடாதிக்குத்தான் சிரிப்பு நிலைக்கவில்லை. தெருவின் நடுவே வேலி வந்துவிட்டதால் காலனிக்காரர்கள் ஓரத்தில், வாய்க்கால் வேலைக்குக் கொட்டியிருந்த சல்லிக் குவியல் மேலேதான் நடக்க வேண்டும், அதுவும் வெறுங்காலில். மார்கழியில் புண் உள்ளே குடைந்தது. தையில் விரல் கறுத்தது. ஒருநாள் கோமதிநாயகத்தின் முன்னால் நின்று, "மொதலாளி, காலு சீப்புடிச்சுக் கெடக்கு. டாக்டரு சொல்லிட்டாவ. இந்தச் சல்லியில மட்டுமாவது போட்டுட்டு நடந்துக்கிடுதேன்" என்று கேட்டாள். அப்படி ஒருவரிடம் கேட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"ஏளா, ஆதித்தாயே கழத்திட்டு நடக்கா. ஒனக்கு என்ன அவளவிடப் பெரிய காலு?" என்றார் அவர், கையில் செருப்போடு.

மாசியில் டவுன் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். டாக்டர் அவளைத் திட்டினார், சொன்ன பேச்சைக் கேட்காத ஜனங்கள் என்று பொதுவாகவும் திட்டினார், இன்னொரு தடவை இப்படி வந்தால் பாதமே போய்விடும் என்றார். இருபது நாள் கழித்து அவள் ஊர் திரும்பியபோது ஆதித்தாய் தெருவை முடித்து, பாலத்தின் கடைசியில், காலனி மண்ணுக்கு ஓர் எட்டு இருக்கையில் நின்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பாலத்தில் ஊரே கூடியிருந்தது. மேலத்தெருவின் கணிப்பு, ஆதித்தாய் இங்கே திரும்பி, பாலத்தை ஒட்டியிருந்த அம்மன் கோயிலுக்குள் போவாள் என்பது, அதற்காகக் கோயில் மதிலில் ஒரு வாசலும் இடித்துவைத்திருந்தார்கள். எட்டு பாலத்தைத் தாண்டி விழுந்தது. காலனிப் பக்கத்து மண்ணில், ஈரம் கசிந்து, மெல்ல அமுங்கி, கோரைப் பின்னல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

பாலத்தின் மேலிருந்த அத்தனை கண்களும் அந்தச் செருப்புத் தடத்தைப் பார்த்தன, அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் செருப்புக் காலோடு நின்ற காலனி ஜனங்களைப் பார்த்தன, அப்புறம் தங்கள் கைகளில் தொங்கிய செருப்புகளைப் பார்த்தன. புரிவதற்குக் கால் மணி நேரம் பிடித்தது, மேலத்தெருவில் எதுவும் அதற்கு முன்னால் புரிந்ததில்லை. முதலில் பிளக்ஸ் இறங்கியது.

பேராசிரியரைச் சாவடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். குழி இருக்கிற நிலம் கமிட்டிக்குச் சொந்தம் என்பதை நினைவுபடுத்தினார்கள், மோர் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பேராசிரியர் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். தெருவுக்குள் வெறுங்காலோடு நடந்தவள் ஒருத்தி, தெருவுக்கு வெளியே செருப்போடு நடந்தவள் வேறொருத்தி, இரண்டு பேரும் வெவ்வேறு இனக்குழுவைச் சேர்ந்தவர்கள், இவர்களுக்குள் உறவு இருந்ததற்கு ஆதாரமில்லை. வெறுங்கால் தடத்திலும் செருப்புத் தடத்திலும் வலது குதிகாலில் ஒரே வெட்டுக்காயத்தைத் தன் கையால் அளந்து எழுதிய பிரிசில்லா, சாட்சியாகக் கீழே கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இன்னும் எட்டு மாசத்தில் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. பாலத்துக் கல்லில் வைத்து ஒரு மனுஷியை, இடுப்புப் பிள்ளையோடு சேர்த்து, இரண்டாக வெட்டிவிட்ட திருப்தியோடு ஊர் கலைந்தது.

காலனியில் அன்று மேளம். எங்க தாயி, எங்க தாயி என்று பையன்கள் ஆடினார்கள், அவர்களும் ஒரு பிளக்ஸ் அடிக்க ஏற்பாடு செய்தார்கள், அந்தப் படத்துக்கு யார் பாட்டியின் முகத்தை ஒட்டுவது என்று அவர்களுக்குள்ளும் சண்டை வந்தது. எங்கே போனாலும் இந்தப் புத்தி ஒரே புத்திதான் என்று முப்பிடாதிக்குக் கசந்தது. கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு போய் அந்தத் தடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீரில் ஊசித்தட்டான் ஒன்று வாலை முக்கிக்கொண்டிருந்தது.

"இத்தன வருசம் கடந்து நடந்து வந்திருக்க. ஒன்னயக் கழத்தச் சொல்லி எவன் கையப் புடிச்சான்? நீயா கழத்துன, நீயா மாட்டுன. நாந்தான் பயந்தாங்கொள்ளி, கேட்டுட்டு நின்னேன், விரலக் குடுத்தேன். நீ செத்துப்போனவதான, ஒன்ன எவன் என்ன செஞ்சிருப்பான்? இதுக்கு மேளம் வேற" என்றாள். ஊரில் யாரையும் அவள் அந்த அளவுக்கு வெறுத்துப் பேசியதில்லை, பேசி முடித்தபோது அழுதாள்.

மறுநாள் காலையில் முப்பிடாதி பாலத்துக்கு வந்தாள், நிற்கவில்லை, குனியவில்லை, ரப்பர் செருப்போடு மேலத்தெருவுக்குள் நடந்தாள். சல்லிக்குப் போகாமல் வேலியை ஒட்டித் தார் மேலேயே நடந்தாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. கோமதிநாயகம் பாதி சவரத்தோடு ஓடிவந்து வழிமறித்தார். நாலரை மாசப் பழக்கத்தில் படியிறங்கும்போதே அவர் கை செருப்பைத் தூக்கியிருந்தது.

"ஏளா, காலுல என்ன?"

"செருப்பு. ஒங்க கையிலயும் அதான் இருக்கு. போட்டுக்கிடுங்க மொதலாளி, சூடு தாங்கமாட்டிய" என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு கல் அவள் முதுகில் வந்து விழுந்தது, இன்னொன்று தலைக்கு மேலே போனது. அவள் சாவடி வரைக்கும் அதே வேகத்தில் நடந்தாள். குழியில் பேராசிரியர் அவளுக்கு வேலை இல்லை என்றார். வந்த வழியே, அதே செருப்போடு, திரும்பி நடந்தாள். கமிட்டி அன்றே அவளுக்குக் கடையில் சாமான் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது என்று கட்டுப்பாடு போட்டது.

அன்று பதினொரு மணிக்குக் காலனிப் பக்கத்தில் அடுத்த எட்டு விழுந்தது. குதிகால் காலனியைப் பார்க்க, விரல் பக்கம் மேலத்தெருவைப் பார்க்க, திரும்பி நின்றது. கோரைச் செருப்பு காலில் இருந்தது.

அதற்கடுத்த எட்டு பாலத்தின் மேல். பாலத்தில் இரவோடு இரவாகச் சிமெண்ட் பூசி வைத்தார்கள், மறுநாள் தடம் சிமெண்டில் விழுந்தது, தண்ணீரும் ஊறியது. போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள், குற்றவாளியின் வயசை எழுத வேண்டிய இடத்தில் ரைட்டர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடிக்க உடம்பு இல்லாதவளை, கட்டுப்பாடு போடக் குடும்பம் இல்லாதவளை என்ன செய்வதென்று கமிட்டி மூன்று பகல் பேசியது. மூன்றாம் பகலில் அவள் பாலத்தின் கடைசி அங்குலத்தில், மேலத்தெருவுக்கு ஓர் எட்டு இருக்கையில், செருப்புக் காலோடு நின்றாள்.

நாலாம் நாள் பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எல்லோரும் பாலத்தில் கூடியிருந்தபோது, கோமதிநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்த்துப் பேசினார். "அய்யா, ஒங்க புஸ்தகத்துல ஒண்ணு தெளிவா எழுதிருங்க. செருப்பக் கழத்தணும்னு ஒரு வழக்கம் இந்த ஊர்ல எந்தக் காலத்துலயும் கெடையாது. ஆரும் போட்டுட்டு நடக்கலாம், எப்பமும் அப்படித்தான். வந்தா வரட்டும்."

மேலத்தெரு முழுக்கத் தலையாட்டியது. காலனிப் பெரியாட்கள் இரண்டு பேரும், சரி, வழி கிடைத்தால் போதுமே என்று கூடச் சேர்ந்து ஆட்டினார்கள். பேராசிரியர் தணிகாசலம் பேனாவைத் திறந்து, சமகால வழக்காறுகள் என்று தலைப்புப் போட்டு, காலணி தொடர்பான கட்டுப்பாடு எதுவும் இவ்வூரில் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதும்போதே தெருவுக்குள், கோரைப் பின்னலோடு, எட்டு விழுந்தது. யாரும் அதைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

முப்பிடாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்தத் தடத்தின் பக்கத்தில், தார் விட்டுப்போன தெருவோரத்தில் ஈரமாகிக் கிடந்த களிமண்ணில், வலது செருப்பை உருவி, கட்டையும் அவிழ்த்துவிட்டு, வெறுங்காலை ஊன்றி மிதித்தாள். முழு உடம்பையும் அதன் மேல் ஏற்றி மிதித்து, அப்புறம் எடுத்தாள்.

"அளங்க சார். வலது காலு, விரலு நாலு. அஞ்சாவது எங்க போச்சுன்னு மொதலாளிகிட்ட கேட்டு, அதே பக்கத்துல எழுதுங்க."

டேப்பை விரித்த பிரிசில்லா, பேராசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பச் சுருட்டினாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இந்தக் காலத்துத் தடம்மா. நம்ம ஆராய்ச்சிக்குள்ள வராது" என்றார், பொறுமையாகத்தான் சொன்னார்.

"வரும் சார். ஒன்பதாயிரம் வருசம் கழிச்சு இன்னொருத்தன் வந்து தோண்டுவான்லா. அவனாவது விரல எண்ணத் தெரிஞ்சவனா இருப்பான்" என்றாள் முப்பிடாதி. சேற்றுக் காலைத் துடைக்காமலே செருப்பில் நுழைத்துக்கொண்டு, மேலத்தெருவுக்குள் நடந்தாள்.